தராசு யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

"விவசாயக் கூட்டுறவுச் சங்கங்கள் முதலாளித்துவத்துக்கு மாற்றா?" என்று சென்ற இதழில் ஒரு கேள்வி வந்திருந்தது. இரண்டே வரியில் பதில் சொல்லித் தப்பித்துக்கொண்டோம். வாசகர்கள் விடுவதாக இல்லை. கடிதங்கள் வந்து குவிந்ததால் இந்த மாதப் பகுதி முழுவதும் கூட்டுறவுக்கே.

கேள்வி: என் பேரன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். கூட்டுறவு விவசாயம்தான் முதலாளித்துவத்துக்கு ஒரே மாற்று என்று விவாத மேடையில் பேசப்போகிறானாம். நான் அறுபதுகளில் மாதம் 10 வெள்ளி (மலேசியப் பணம்) கட்டி நிலநிதிச் சங்கத்தில் பங்கு வாங்கியவன். பங்குக்காரன் ஆனேன், ஆனால் விடியற்காலைப் பெரட்டும் (ஆள்கணக்கு எடுப்பு) ரப்பர்ப் பால்வெட்டும் மாறவில்லை. பேரனுக்கு என்ன சொல்லட்டும்?
– செந்தூல் வாசகர்

பதில்: ஐயா, பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். பேரனிடம் அதையே சொல்லுங்கள். மீதியை நாங்கள் சொல்கிறோம்.

மலாயா சுதந்திரம் பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் வீடுகளில் இன்றும் பேசப்படுவது இதுதான். தோட்டம் துண்டானால் வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும். 1960ல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதைத் தடுக்கத்தான். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் கைக்கு வந்தது. நூல் வெளியீட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் கோலாலம்பூரில் நாம் போய்வருகிற விஸ்மா துன் சம்பந்தன் கட்டடம் எழுந்ததும் அந்தப் பத்துப் பத்து வெள்ளிகளின் மேல்தான்.

அதனால் மாறியது நிலத்தின் உடைமை. துண்டு போட வந்தவன் கையில் அந்த நிலம் சிக்கவில்லை. இலாபம் வந்தால் பங்குக்காரனுக்கு வந்தது. ரப்பர் விலை மாறவில்லை. அது உலகச் சந்தையில் ஏறி இறங்கியது, சங்கத்தின் ரப்பருக்கென்று தனி விலை ஏதும் கிடையாது. விலை விழுந்தால் கூட்டுறவுத் தோட்டமும் செலவைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். முதலில் கண்ணில் படும் செலவு கூலி. பெரட்டு மாறாததற்குக் காரணம் அதுதான்.

எந்த விவசாயக் கூட்டுறவைப் பார்த்தாலும் நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். நிலம் யாருடையது? விளைச்சலை எடை போட்டுத் தரம் பிரிக்கும் தராசு யார் கையில்? கூலியை முடிவு செய்பவர் யார்? நிலநிதிச் சங்கம் முதல் கேள்விக்குப் பதில் சொன்னது. குஜராத்தின் அமுல் சொன்னது இரண்டாவதற்கு, அங்கே மாடும் நிலமும் அவரவருடையவை, சங்கம் பாலை மட்டும் வாங்குகிறது. மூன்றுக்கும் சேர்த்துப் பதில் சொன்ன சங்கங்கள் உலகத்திலேயே குறைவு. விவசாயத்தை விட்டு வெளியே பார்த்தால் ஸ்பெயினின் மொண்டிராகோன் தொழிலாளர் கூட்டுறவு ஓரளவு சொன்னது, 1956லிருந்து. அங்கேயும் வீட்டுச் சாதனங்கள் செய்துவந்த ஃபாகோர் பிரிவு 2013ல் திவாலானது. வீடு விற்பனை படுத்த நாட்டில் அடுப்பும் குளிர்பெட்டியும் யார் வாங்குவார்கள்? தொழிலாளியே முதலாளி என்பதற்காகச் சந்தை இரக்கப்படவில்லை.

பேரன் மார்க்சை மேற்கோள் காட்டக்கூடும். காட்டட்டும். ஆனால் முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். 1864ல் சர்வதேசத் தொழிலாளர் சங்கமான முதலாம் அகிலத்தின் தொடக்க உரையில் அவர் கூட்டுறவு ஆலைகளைப் பாராட்டினார். அதே மூச்சில், தனித்தனித் தொழிலாளர் குழுக்களின் சிறு வட்டத்துக்குள் அவை நிற்கும்வரை ஏகபோகத்தின் வளர்ச்சியைத் தடுக்க முடியாது என்றும் சொன்னார். பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினால் எதிரணி அடுத்த வரியைப் படித்துவிடும்.

எங்கள் முடிவு: விவசாயக் கூட்டுறவு முதலாளித்துவத்துக்கு மாற்று அல்ல. அதற்குள்ளேயே நின்று, ஒரு குறிப்பிட்ட இடத்தில் நடக்கும் பிடுங்கலை நிறுத்தும் கருவி. அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்த சங்கம் பிழைக்கிறது.

கேள்வி: நாங்கள் பதினொரு பேர், ஆளுக்கு மூன்று முதல் ஏழு ஏக்கர் செம்பனை (பாமாயில் பனை). பழத்தை டீலரிடம்தான் போடுகிறோம். தராசில் அடிக்கிறார், தரத்தில் அடிக்கிறார் என்று எல்லோருக்கும் புகைச்சல். சங்கம் ஆரம்பித்தால் கூடுதல் காசு கிடைக்குமா? எப்படி ஆரம்பிப்பது?
– நிபோங் திபால் வாசகர்

பதில்: கிடைக்கும். எங்கிருந்து கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள், இல்லையென்றால் டீலரை விரட்டிவிட்டு அவருடைய நஷ்டத்தை மட்டும் நீங்கள் சுமப்பீர்கள்.

குலைக்குக் கிடைக்கும் விலை, அதிலிருந்து எத்தனை விழுக்காடு எண்ணெய் பிழியலாம் என்ற கணக்கில் நிற்கிறது. ஒரு டன் குலையில் 1 விழுக்காடு என்றால் 10 கிலோ எண்ணெய். கச்சா எண்ணெய் டன் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு விழுக்காட்டின் மதிப்பு 40 வெள்ளி. உங்கள் பழத்தை 20 என்று மதிப்பதற்குப் பதில் 18 என்று மதித்தால் டன்னுக்கு 80 வெள்ளி, ஆலைச் செலவைக் கழிப்பதற்கு முன்பே, காற்றில் போகிறது. தராசில் அடிக்கும் ஐந்து பத்துக் கிலோவைப் பார்த்துச் சண்டை போடுகிறோம். பெரிய பணம் போவது தரம் எழுதும் பேனாவில்.

டீலர் அயோக்கியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவருடைய களத்தில் நாற்பது பேருடைய குலைகள் ஒன்றாகக் கொட்டப்படுகின்றன. பழுத்ததும் காயும் கலந்துவிடுகின்றன. ஆலை அந்தக் கலவைக்குத்தான் தரம் போடுகிறது, அவர் அதைப் பொதுவில் பிரித்துக் கொடுக்கிறார். ஒழுங்காக வெட்டுபவர், காயை வெட்டுபவருக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால் சங்கத்தின் முதல் வேலை தனி லோரியில் நேராக ஆலைக்குக் கொண்டுபோவது. சொந்தக் களம், சொந்தக் கட்டடம், பெயர்ப்பலகை எல்லாம் பிறகு ஆகட்டும்.

நேராகப் போனாலும் உங்களுக்குள் கலப்படம் இருந்தால் பயனில்லை. எனவே முதல் கூட்டத்திலேயே வெட்டும் விதியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழுத்த குலை என்றால் அதில் பழம் உதிர்ந்த புதுக் குழிகள் குறைந்தது பத்து தெரிய வேண்டும். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர அளவும் அதுதான். காம்பு 5 செண்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது, காம்பில் எண்ணெய் இல்லை, எடை மட்டும்தான். உதிரிப் பழத்தை மண்ணோடு அள்ளாமல் சாக்கில் தனியாகக் கட்டுங்கள், எண்ணெய் அதிகம் இருப்பது அதில்தான். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போய்விட வேண்டும். தாமதித்தால், அடிபட்டால், கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கும். சாலையோரத்தில் ஏற்றும்போதே தொங்கு தராசில் உறுப்பினர்வாரியாக எடை போட்டு, இரண்டு படிச் சீட்டு எழுதுங்கள். ஒரு படி அவருக்கு, ஒரு படி லோரிக்கு. ஆலைச் சீட்டின் மொத்த எடையும் உங்கள் சீட்டுகளின் கூட்டலும் இரண்டு மூன்று விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அன்றைக்கே கேளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

இப்போது எல்லோரும் விழும் குழிக்கு வருவோம். டீலர் பழம் மட்டும் வாங்கவில்லை, பள்ளி திறக்கும்போது, தீபாவளிக்கு, மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்கிறார். அந்தக் கடன்தான் உங்களை அவரிடம் கட்டிப்போட்டிருக்கிறது. முன்பணம் கொடுக்க முடியாத சங்கத்தின் உறுப்பினர், அவசரம் வந்த அன்றைக்கு மறுபடி டீலரிடம் போய் நிற்பார்.

கணக்குப் போடுவோம். பதிவுக்கு 20 பேர் வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம், அதனால் 20 பேர், ஆளுக்கு 5 ஏக்கர், ஏக்கருக்கு மாதம் 0.6 டன் என்றால் மாதம் 60 டன். டன் 800 வெள்ளி என்று வைத்தால் மாதம் 48,000 வெள்ளி. ஆலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பணம் கொடுத்தால், இடையில் 24,000 வெள்ளியைச் சங்கம் கையிலிருந்து போட வேண்டும். ஆளுக்கு 500 வெள்ளிப் பங்கு வசூலித்தால் இருப்பது 10,000. இந்த 14,000 இடைவெளியில்தான் பல சங்கங்கள் முதல் ஆறு மாதத்திலேயே மூச்சு முட்டிப்போகின்றன. ஆலையோடு வாரப் பட்டுவாடாவுக்குப் பேசுங்கள். வாரத்துக்குச் சுமார் 12,000 வெள்ளிப் பழம். உறுப்பினருக்கு 70 விழுக்காட்டைக் கையோடும் மீதியை ஆலைப் பணம் வந்த பிறகும் கொடுப்பதாக விதி வைத்தால், தேவை 8,400. பத்தாயிரத்துக்குள் அடங்கிவிடும். மிச்சம் இருப்பது கல்யாண முன்பணத்துக்குப் போதாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதிவுக்குப் பதினொரு பேர் போதாது. 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ் முன்பு 50 பேர் வேண்டியிருந்தது, இப்போது 20 பேர் இருந்தால் போதும். பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) தோட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மலாய்க்காரர், சீனர் என்று பார்க்க வேண்டாம், லோரி நிரம்புவதுதான் முக்கியம். தொடக்கப் பொதுக்கூட்டம் நடத்தி, துணைவிதிகளை நிறைவேற்றி, தொழில் திட்டக் கணக்கோடு மாநில அளவிலுள்ள மலேசியக் கூட்டுறவு ஆணையத்தில் மனுச் செய்யுங்கள். சங்கத்தின் நிர்வாக வாரியத்தில் 6 முதல் 15 பேர் இருக்கலாம். ஆறே போதும். பதினைந்து பேர் வாரியம் வைத்தால் யார் வேலை செய்கிறார் என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட வேண்டிவரும்.

ஒன்று விட்டுவிட்டோம். செம்பனை எண்ணெய் வாரியம், சிறு தோட்டக்காரர்களுக்கென்றே நிலைத்தன்மைச் செம்பனைக் கூட்டுறவுகளை ஆங்காங்கே அமைத்திருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தால், புதிதாக ஆரம்பிப்பதைவிட அதில் உறுப்பினராகிக் கணக்கைக் கேட்பது சுலபம்.

கேள்வி: சங்கத்தில் மிஞ்சும் இலாபத்தைப் பங்குக்கு ஈவுத்தொகையாகக் கொடுப்பது நல்லதா, போட்ட பழத்துக்குத் திருப்பிக் கொடுப்பது நல்லதா?
– புக்கிட் மெர்தாஜாம் வாசகர்

பதில்: போட்ட பழத்துக்கு. மேலே சொன்ன சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் 10,000 வெள்ளி நிகர இலாபம். கூட்டுறவுக் கல்வி நிதிக்கு 2 விழுக்காடு, மேம்பாட்டு நிதிக்கு 1 விழுக்காடு போக, சட்டப்படியான சேமநிதிக்கும் ஒதுக்கியபின் உறுப்பினர்களுக்கு 6,000 நிற்கிறது என்று வைப்போம். ஆண்டு முழுதும் வந்த பழம் 720 டன். டன்னுக்கு 8 வெள்ளி 33 காசு. 36 டன் போட்டவருக்கு 300 வெள்ளி. பங்கு வாங்கிவிட்டுப் பழத்தை டீலரிடம் போட்டவருக்கு ஒரு காசும் இல்லை. ஈவுத்தொகை முறையில் இவரும் அவரும் ஒன்று. அதைப் பார்த்த மறு ஆண்டு எல்லோரும் அவரைப் போலவே ஆகிவிடுவார்கள்.

கேள்வி: கூட்டுறவு என்றால் கம்யூனிசம்தானே? என் தந்தையார் அந்தச் சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார்.
– செபராங் ஜெயா வாசகர்

பதில்: இல்லை. ஸ்டாலின் காலத்துக் கூட்டுப்பண்ணையில் நிலத்தைப் பிடுங்கிச் சேர்த்தார்கள், வெளியேற வழியில்லை. கூட்டுறவில் நீங்களாகச் சேர்கிறீர்கள், பிடிக்கவில்லை என்றால் பங்குத் தொகையை வாங்கிக்கொண்டு போகிறீர்கள். அப்பாவை உட்காரச் சொல்லுங்கள்.

கேள்வி: அமுல் போல ஒன்றை மலேசியத் தமிழர்கள் ஏன் உருவாக்கவில்லை? நம்மிடமும் மாடு வளர்த்தவர்கள் இருந்தார்களே.
– பிரிக்பீல்ட்ஸ் வாசகி

பதில்: அம்மா, நம்மவர்களிடம் ஒற்றுமை இல்லை என்ற பழைய பல்லவியை நாங்கள் பாடப்போவதில்லை. ஒற்றுமை வானத்திலிருந்து விழுவதில்லை, அதற்கு ஒரு காரணம் வேண்டும். அமுல் பிறந்த கைரா மாவட்டத்தில் அந்தக் காரணம் பாலிலேயே இருந்தது.

பால் ஒருநாள்கூடக் காத்திருக்காது. அந்த வட்டாரப் பாலைப் பம்பாய்க்கு வாங்கி அனுப்பும் உரிமை பால்சன் என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தது. விற்பவர் ஆயிரம் பேர், வாங்குபவர் ஒருவர், சரக்கோ மாலைக்குள் கெட்டுப்போகும். விவசாயிகள் பாலைக் கொடுக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் 1946 டிசம்பர் 14 அன்று சங்கம் பதிவானது. தொடக்கத்தில் இரண்டே கிராமச் சங்கங்கள், நாளுக்கு 247 லிட்டர். அமுலை வளர்த்த வர்கீஸ் குரியன் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். பலர் அவரிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள்.

அந்த அமைப்பைத் தாங்கிப் பிடித்தது ஒரு கண்ணாடிக் குழாய் என்று சொன்னால் மிகையாகாது. கெர்பர் சோதனை. குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் மெதுவாக 10.75 மில்லி பால், பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால். அடைப்பானை இறுக்கி, குலுக்கி, நிமிடத்துக்கு 1,100 சுற்று வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றி, 65 டிகிரி வெந்நீரில் வைத்து எடுத்தால் கொழுப்பு தனியாக மேலே நிற்கும். எத்தனை கோடு என்று பால் கொண்டுவந்தவரே பார்க்கலாம். பாலை அவசரமாக ஊற்றினால் கொழுப்பு கருகிக் கறுப்பாகும், ஒழுங்காகக் குலுக்காவிட்டால் வெள்ளைத் துகள் மிதந்து கணக்கு தவறும். இந்தச் சோதனை உறுப்பினர் கண்முன்னே, சங்கத்தின் ஆள் கையில் நடந்தது. தண்ணீர் கலந்தவருக்குக் குறைந்த விலை, எருமைப்பாலுக்குக் கூடிய விலை, யார் சாதி என்ன என்று குழாய்க்குத் தெரியாது. கூட்டுறவு உணர்வு பற்றிய நூறு சொற்பொழிவுகளை இந்த ஒரு குழாய் மிச்சப்படுத்தியது.

இதோடு அரசும் சேர்ந்தது. 1970ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்துக்கு ஐரோப்பா இலவசமாகக் கொடுத்த பால்மாவும் வெண்ணெய் எண்ணெயும் முதலாயின. அவற்றை மலிவாகச் சந்தையில் கொட்டியிருந்தால் விவசாயி அழிந்திருப்பார். சங்கங்கள் வழியாகப் பாலாக்கி விற்று, அந்தப் பணத்தில் குளிரூட்டு நிலையங்கள் கட்டினார்கள். இறக்குமதிப் பாலுக்குத் தடுப்புச் சுவரும் இருந்தது.

மலேசியாவில் நிலைமை தலைகீழ். பினாங்கிலும் கிள்ளானிலும் வீடுவீடாகப் பால் ஊற்றியவர்களுக்கு வாங்குபவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார், பிடுங்குவதற்கு நடுவில் ஆள் இல்லை. பிறகு இறக்குமதிப் பால்மாவும் டின்பாலும் சந்தையைப் பிடித்தன, நகரம் பெருகி மேய்ச்சல் நிலமும் போயிற்று. சங்கம் இருந்திருந்தாலும் இந்த இரண்டையும் தடுத்திருக்க முடியாது.

கேள்வி: செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறேன். கேமரன் மலை விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நேரடியாக இங்கே இறக்கினால் இருவருக்கும் இலாபம்தானே?
– செலாயாங் வாசகர்

பதில்: காகிதத்தில் ஆம். ஆனால் செம்பனை ஒரே சரக்கு, ஆலை எழுதும் விலை நாள் முழுதும் நிற்கும். காய்கறியில் முட்டைக்கோசு, தக்காளி, சவிக் கீரை, மிளகாய் ஒவ்வொன்றுக்கும் இரவில் ஒரு விலை, விடியற்காலையில் ஒரு விலை. மொத்த வியாபாரி அந்த ஆட்டத்தைத் தன் பணத்தில் ஆடுகிறார். மிஞ்சியதைக் குப்பையில் போடுவதும் அவர்தான். சங்கத்தின் எழுத்தர் அதைச் செய்யமாட்டார், மறுநாள் வாரியக் கூட்டத்தில் யார் பதில் சொல்வது? விலை ஏறிய வாரத்தில் உறுப்பினர்கள் வெளியே விற்பார்கள், விழுந்த வாரத்தில் எல்லாவற்றையும் சங்கத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

இன்னொரு முடிச்சு நிலம். மலையில் பலர் தற்காலிக நிலப் பயன்பாட்டு உரிமத்தில்தான் பயிர் செய்கிறார்கள். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று முடிகிறது. அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவரை நம்பி வங்கி குளிர்கிடங்குக்குக் கடன் தராது. அவர்களுக்கு உடனே பயன்படுவது விற்பனைச் சங்கம் அல்ல, கோழி எரு, உரம், கூடார பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கும் சங்கம். அதில் விலை ஆட்டம் இல்லை, அழுகலும் இல்லை. நீங்கள் நேரடியாக வாங்கத்தான் வேண்டும் என்றால் ஒரே காயில், ஒரே அளவில், மூன்று மாத ஒப்பந்தமாகத் தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: எந்தச் சங்கமாக இருந்தாலும் கடைசியில் நாலு பேர் கைக்குப் போய்விடுகிறதே, ஏன்? 1986ல் என் பெற்றோர் சேமிப்பு முடங்கியதை மறக்க முடியவில்லை.
– பட்டர்வொர்த் வாசகி

பதில்: 1986ல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடக்கியது வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுகளை. பெயரில்தான் கூட்டுறவு, தொழில் வங்கித்தொழில், அதுவும் வங்கிக்குரிய மேற்பார்வை இல்லாமல். உறுப்பினர் பணத்தை நிலத்திலும் பங்குச் சந்தையிலும் இயக்குநர்கள் சார்ந்த கம்பெனிகளிலும் போட்டார்கள், சந்தை விழுந்ததும் கதவை மூட வேண்டியதாயிற்று. விவசாயச் சங்கம் அந்த வழியில் விழுவது அபூர்வம். அது விழும் வழி வேறு, மெதுவானது.

டென்மார்க்கில் 1882ல் யெடிங் என்ற ஊரில் முதல் கூட்டுறவுப் பாலகம் தொடங்கியது. அங்கே பரவிய விதி, தலைக்கு ஓர் ஓட்டு, மாட்டுத் தலைக்கு அல்ல என்பது. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் நாற்பது மாடு வைத்திருப்பவருக்கும் சமமான ஓட்டு. நம் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் உறுப்பினர் ஆயிரக்கணக்கில் போனதும் பேராளர் முறை வருகிறது. வட்டாரக் கூட்டத்துக்கு முப்பது பேர் வருகிறார்கள், அவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர் பொதுக்கூட்டத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கைதூக்குகிறார். பழம் போடாத, பால் ஊற்றாத, பட்டணத்துக்குப் போய்விட்ட உறுப்பினருக்குச் சங்கம் என்றால் வருஷத்துக்கு ஒரு காசோலை. அவர் கேட்கும் ஒரே கேள்வி, இந்த வருஷம் எத்தனை விழுக்காடு?

அந்தக் கேள்விதான் கூட்டுறவுத் தோட்டத்தை அரிக்கிறது. செம்பனை இருபத்தைந்து ஆண்டில் கிழடாகும். மறுநடவு செய்தால் சுமார் முப்பது மாதம் வருமானம் இல்லை. எழுபது வயது உறுப்பினர் மறுநடவுக்கு ஓட்டுப் போடுவாரா, ஈவுத்தொகைக்கா? மேலும் அவர் விலகும்போது கிடைப்பது பங்கின் முகமதிப்புதான். நிலத்தின் மதிப்பு எத்தனை மடங்கு ஏறியிருந்தாலும் அது சங்கத்தின் சொத்து. "விற்றுப் பிரித்துக் கொடுங்கள்" என்ற குரல் அங்கிருந்துதான் எழுகிறது, அதை எழுப்புபவரைக் குறை சொல்லவும் முடியாது.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் அரசின் நிலக் குடியேற்றத் திட்டமான ஃபெல்டாவில் குடியேறியவர்களின் முதலீட்டுக் கூட்டுறவைப் பாருங்கள். ஃபெல்டா ஹோல்டிங்ஸ் கம்பெனியில் 51 விழுக்காடு அதன் கையில் இருந்தது. 2012ல் ஃபெல்டாவின் இன்னொரு கம்பெனியான ஃபெல்டா குளோபல் வென்ச்சர்ஸ் பங்குச் சந்தைக்குப் போனது. 2013ல் அந்த 51 விழுக்காட்டையும் அந்தக் கம்பெனியே 220 கோடி வெள்ளிக்கு வாங்கிக்கொண்டது. விலை நியாயமா என்பது வேறு விவாதம். தலைக்கு ஓர் ஓட்டு இருந்த இடத்துக்குப் பங்குக்கு ஓர் ஓட்டு வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

உங்கள் சங்கத்தைச் சோதிக்க வேண்டுமானால் ஆண்டறிக்கையில் மூன்று இடத்தைப் பாருங்கள். கடனாளிகள் பட்டியலில் வாரிய உறுப்பினரோ அவரைச் சார்ந்தவரோ இருக்கிறாரா? மறுநடவுக்கென்று தனி நிதி இருக்கிறதா, இல்லை சேமநிதி என்ற பெயரில் எல்லாம் ஒரே பானையா? உள்தணிக்கைக் குழு ஆண்டு முழுதும் ஏதாவது குறை எழுதியதா? ஒரு குறைகூட எழுதாத உள்தணிக்கைக் குழுவை நாங்கள் நம்புவதில்லை.

கேள்வி: கூட்டுறவுத் தோட்டங்களில் இப்போது வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். அவர்களும் உறுப்பினராக முடியுமா?
– கெப்போங் வாசகர்

பதில்: முடியாது. நம் சட்டப்படி தனிநபர் உறுப்பினர் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். இந்த மாதம் வந்த கேள்விகளில் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். துண்டாடலின்போது வேலையும் வீடும் போகுமே என்று பயந்த தொழிலாளர்கள் சேர்த்த காசில் வாங்கிய நிலம் அது. இன்றைக்கு அதில் குலை வெட்டுபவருக்கும் அதே பயம்தான்: வேலை போனால் விடுதியும் போகும், அவருக்கு விசாவும் சேர்ந்து போகும். அவர் பார்வையில் சங்கமும் ஒரு கம்பெனிதான், பெயர்ப்பலகையில் கூட்டுறவு என்று எழுதியிருக்கும் கம்பெனி. முதல் பதிலில் கேட்டோமே, கூலியை முடிவு செய்பவர் யார் என்று. பங்குக்காரர்களான நாம்தான்.

சட்டத்தை மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்: அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி என்ற சட்ட அளவு, மழைநாளில் வெட்டு இல்லாதபோதும் கிடைக்கிறதா? ஆளெடுப்புக் கட்டணத்தை ஏஜெண்டுக்கு யார் கட்டினார்கள்? தொழிலாளர் தங்குமிடத் தரத்துக்கான 446ஆம் சட்டத்தின்கீழ் விடுதிக்குச் சான்றிதழ் வாங்கியாயிற்றா? கேள்வியை எழுத்தில் முன்கூட்டியே செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் குறிப்பேட்டில் ஏறாது.